மூன்றாவது பம்பு வாங்குவதற்கு முன்

பாலாற்றுப் படுகையில் வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். பொறியாளர் அதே தீர்ப்பை வேறு கண்ணோடு படிப்பார். சுத்திகரிக்காத நீர் வெளியே போகக் கூடாது என்றால் சுத்திகரிப்பு நிலையம் நிற்கக் கூடாது. நிற்காத இயந்திரம் எங்கும் கிடையாது. அப்படியானால் எத்தனை நேரம் நின்றால் பொறுக்கலாம், எது நின்றால் பொறுக்கவே முடியாது, அதை முன்கூட்டிக் கணக்கிடுவது எப்படி?

இந்தக் கணக்குக்கான முறைகள் இன்று ஏராளம். தொகுதி வரைபடம், பழுது மரம், மார்க்கோவ் சங்கிலி, மான்டி கார்லோ முறை, வெய்புல் பகுப்பாய்வு, பேய்சியன் வலை என்று காட்பாடிப் பக்கம் பொறியியல் படிக்கும் எந்த மாணவரும் பெயர்களை அடுக்கிவிடுவார். எதை எப்போது எடுப்பது என்று கேட்டால்தான் தயக்கம் வரும். பாடப்புத்தகம் ஒவ்வொரு முறைக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த இடத்திலோ, எந்த மென்பொருளுக்கு உரிமம் வாங்கியிருக்கிறார்களோ அதுவே முறையாகிவிடுகிறது. அமைப்பு எந்த விதத்தில் பழுதாகிறது, விடையை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்ற இரண்டும்தான் முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல ஆலைகளிலிருந்து வரும் நீர் முதலில் சமன்படுத்தும் தொட்டியில் சேர்கிறது. பிறகு கசடு படியும் தொட்டி, நுண்ணுயிர்கள் வேலை செய்யும் காற்றூட்டத் தொட்டி, மறுபடியும் ஒரு படிவுத் தொட்டி, வடிகட்டிகள், ஆர்.ஓ. சவ்வுகள். சவ்வு ஒதுக்கித் தள்ளும் உப்புநீரைக் கடைசியில் ஆவியாக்கிகள் காய்ச்சி உலர்த்துகின்றன. திரவக் கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஏற்பாடு இது.

ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பெட்டியாகக் காட்டும் தொகுதி வரைபடத்தில் வரைந்தால், எட்டுக் கட்டங்கள் ஒரே வரிசையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 98 பங்கு நேரம் இயங்குகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால், எட்டையும் பெருக்கி வருவது 85 சதவீதம். ஆண்டுக்குச் சுமார் 54 நாள் நிலையம் நின்றிருக்கும். ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான ராபர்ட் லூசரின் பெயரால் வழங்கும் பெருக்கல் விதி இது. ஒவ்வொரு பாகமும் தரமாகவே இருந்தாலும், பாகங்களின் எண்ணிக்கையே மொத்த அமைப்பையும் சாய்த்துவிடும் என்பதை அது பளிச்சென்று காட்டியது.

ஆனால் நிலையத்தின் ஷிப்ட் ஆபரேட்டரிடம் இந்த 54 நாள் கணக்கைச் சொன்னால் அவர் சிரிப்பார். கட்டங்களுக்கு நடுவே தொட்டிகள் இருக்கின்றன. ஒரு பம்பு ஒரு மணி நேரம் நின்றால் தொட்டியில் நீர் ஏறும். பம்பு ஓடத் தொடங்கியதும் இறங்கும். வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு கட்டம் 99 சதவீத நேரம் இயங்குகிறது என்றால் ஆண்டில் சுமார் 88 மணி நேரம் நிற்கிறது. அந்த 88 மணி நேரமும் ஒரு மணி நேரத் துண்டுகளாக 88 முறை வந்தால், 12 மணி நேரத்துக்கு நீர் தாங்கும் தொட்டி அத்தனையையும் விழுங்கிவிடும். அதே 88 மணி நேரம் ஒரே மூச்சில் வந்தால், முதல் நாளே தொட்டி நிரம்பி, மீதி மூன்று நாளும் ஒன்று ஆலைகளை மூட வேண்டும் அல்லது நீர் ஆற்றுக்குப் போகும். தொகுதி வரைபடத்தின் கண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றே: 99 சதவீதம்.

ஆக, இடைத்தொட்டி உள்ள அமைப்பில் ‘எத்தனை முறை பழுதாகிறது’ என்பதைவிட ‘ஒரு பழுது எவ்வளவு நேரம் நீள்கிறது’ என்பதே பெரிய கேள்வி. சராசரிப் பழுதுபார்ப்பு நேரம் இங்கே உதவாது. உருகி மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆவியாக்கியின் உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமென்றால் நாட்கணக்கு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் இரண்டில் எதையும் சொல்லாது. இத்தகைய இடத்தில் மான்டி கார்லோ முறைக்குத்தான் போக வேண்டும். பழுதுகளையும் பழுதுபார்ப்பு நேரங்களையும் தற்செயலாகப் பொறுக்கி எடுத்து, தொட்டியின் மட்டத்தை மணிக்கு மணி ஏற்றி இறக்கி, கணினியில் ஆயிரம் கற்பனை ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பது அந்த முறை. அழகான சூத்திரம் எதுவும் கிடைக்காது. ஆனால் தொட்டியைப் பெரிதாக்குவதா, உதிரிபாகத்தை வாங்கி வைப்பதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

மான்டி கார்லோவுக்கும் ஒரு முட்டுச்சந்து உண்டு: மிக அரிதான நிகழ்வுகள். பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புள்ள விபத்தைப் பத்து சதவீதத் துல்லியத்தோடு மதிப்பிட, நேரடியாக ஓட்டினால் பத்துக் கோடி ஓட்டங்கள் தேவைப்படும். அணு உலை, ஏவுகணை போன்றவற்றின் கணக்கு பழுது மரத்தில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டு அமைப்புக்காக 1962 வாக்கில் பெல் ஆய்வகத்தில் எச். ஏ. வாட்சன் உருவாக்கிய முறை அது. நடக்கக் கூடாத ஒன்றை உச்சியில் எழுதி, அது நடக்க வேண்டுமானால் எவையெல்லாம் சேர்ந்து பழுதாக வேண்டும் என்று கீழ்நோக்கிக் கிளை பிரித்துக்கொண்டே போவார்கள். அமெரிக்க அணுமின் நிலையங்களின் விபத்து வாய்ப்பைக் கணக்கிட்டு 1975இல் வெளிவந்த ராஸ்முசன் அறிக்கை, பழுது மரத்தை, ஒரு தொடக்கப் பழுதிலிருந்து என்னென்ன நடக்கலாம் என்று முன்னோக்கிக் கிளை பிரிக்கும் நிகழ்வு மரத்தோடு இணைத்துப் பெரிய அளவில் பயன்படுத்தியது.

மார்க்கோவ் முறை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்ற நிலைகளையெல்லாம் பட்டியலிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வேகத்தை வைத்துக் கணக்கிடுவது அது. இரண்டு பம்புகள், ஒரே ஒரு ஃபிட்டர், இரண்டும் பழுதானால் ஒன்று காத்திருக்க வேண்டும் என்பது போன்ற சின்ன அமைப்புகளுக்கு அதைவிடச் சுத்தமான கருவி இல்லை. இருபது பாகங்கள் வந்துவிட்டால் நிலைகளின் எண்ணிக்கை 10,48,576. அதற்கு மேல் போராடுவது வீண்.

இனி தலைப்பில் இருக்கும் பம்புக்கு வருவோம்.

ஒரு பம்பு 95 சதவீத நேரம் இயங்குகிறது. துணைக்கு அதே போல் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்றால், இரண்டும் ஒருசேர நின்றிருக்கும் வாய்ப்பு 0.05 பெருக்கல் 0.05. ஆண்டுக்கு 22 மணி நேரம். மூன்றாவது பம்பும் வாங்கினால் அது ஆண்டுக்கு ஒரு மணி நேரமாகச் சுருங்கும். இந்தக் கணக்கைக் காட்டினால் எந்த மேலாளரும் மூன்றாவது பம்புக்குக் கையெழுத்துப் போடுவார்.

ஆனால் ‘தொடர்பில்லாமல்’ என்ற ஒரு சொல்லில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாமிரத்தையும் வெள்ளியையும் அரிக்கும். மின்பலகையின் காண்டாக்டர், ரிலே முனைகள் அந்த உலோகங்களால் ஆனவை. மூன்று பம்புகளின் பலகைகளும் ஒரே அறையில் இருந்தால் மூன்றும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. மூன்றுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். மூன்றும் ஒரே உறிஞ்சு தொட்டியிலிருந்து நீர் எடுக்கின்றன. முடியும் தோல் துணுக்குகளும் அடைத்தால் மூன்றையும் அடைக்கும். மூன்றையும் ஒரே ஆள், ஒரே பழக்கத்தில் கழற்றி மாட்டுகிறார்.

இந்தக் கூட்டுக் காரணத்தைக் கணக்கில் சேர்க்க எளிய வழி பீட்டா காரணி. மொத்தப் பழுதில் பத்தில் ஒரு பங்கு எல்லாப் பம்புகளையும் சேர்த்து வீழ்த்தும் வகை என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டு பம்பு அமைப்பு ஆண்டுக்கு 22 மணி நேரத்துக்குப் பதிலாகச் சுமார் 62 மணி நேரம் நிற்கும். மூன்றாவது பம்பு வாங்கினால் 45 மணி நேரம். முதல் கணக்கு வாக்களித்த ஒரு மணி நேரம் எங்கே, இந்த 45 எங்கே! நாலாவது, ஐந்தாவது பம்பு வாங்கினாலும் 44க்குக் கீழே இறங்காது. அடியில் கூட்டுக் காரணம் பாறையாகக் கிடக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பலகையைக் காற்றோட்டமான வேறு அறைக்கு மாற்றி, ஒரு பம்புக்குத் தனி மின்பாதை கொடுத்தால் பாறையே உடையும். பத்தில் ஒரு பங்கு என்பது நான் கைக்கு எடுத்த எண்தான். அது இருபதில் ஒரு பங்காக இருந்தாலும் முடிவின் திசை மாறாது.

2011இல் புகுஷிமாவில் நடந்ததும் இந்த வகைப் பழுதுதான். அவசர டீசல் ஜெனரேட்டர்கள் பதிமூன்று இருந்தன. சுனாமி நீர் புகுந்தபோது ஒன்றைத் தவிர மற்றவை பயனற்றுப் போயின. பதிமூன்றைப் பெருக்கி எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை சுழியம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பெருக்கல் தெரியாது.

நம் ஊரில் கடல் இல்லை, கோடை இருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் திணறும் காலம் அது. பக்ரீத்துக்குப் பிறகு தோல் வரத்து கூடும். உப்பிட்டு அடுக்கிவைத்தாலும் ஆலைகளின் வேலைப்பளு ஏறும், கழிவுநீரும் ஏறும். பக்ரீத் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் பண்டிகை. 2024இலும் 2025இலும் அது ஜூனில் வந்தது, அடுத்து மே மாதத்துக்குள் நகர்கிறது. அதாவது சுமை உச்சமும் வெயில் உச்சமும் இப்போது நெருங்கி வருகின்றன. சில ஆண்டுகள் கழித்து விலகிவிடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே பழுது விகிதம் என்று வைக்கும் எந்த முறையும் இதைப் பிடிக்காது. அதற்காகப் பெரிய கணிதம் தேவை என்றும் இல்லை. கோடைக்கு ஒரு விகிதம், மற்ற மாதங்களுக்கு ஒரு விகிதம் என்று இரண்டாகப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘இயங்குகிறது, இயங்கவில்லை’ என்ற இரண்டு நிலைகள் எல்லா அமைப்புக்கும் போதுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ராணிப்பேட்டையில் பி.எச்.இ.எல். நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவிகள் தொழிற்சாலை இருக்கிறது. அனல்மின் நிலையங்களின் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் நிலைமின் வீழ்படிவிகள் அங்கே உருவாகின்றன. அந்தக் கருவியில் பல மின்புலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் தன்னிடம் வரும் தூசியில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், நான்கு புலங்களைக் கடந்து வெளியே போவது 0.16 சதவீதம். ஒரு புலம் பழுதானால் 0.8 சதவீதம். கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, மின் உற்பத்தி நிற்கவில்லை, புகைபோக்கியிலிருந்து வரும் தூசி மட்டும் ஐந்து மடங்கு. இரண்டு நிலைக் கணக்கில் இது ‘இயங்குகிறது’ என்றுதான் பதிவாகும். இத்தகைய அமைப்புக்குப் பல நிலைகள் கொண்ட முறை வேண்டும். ஆர்.ஓ. சவ்வும் இதே இனம். ஒரு நாளில் செத்துப்போகாது. படிவு ஏற ஏற அழுத்தம் கூடும், கடந்து வரும் நீர் குறையும்.

துணைக்கு நிற்கும் கருவிகள் வேறொரு வகை. மருத்துவமனைகளுக்குப் பெயர் போன ஊர் வேலூர். அங்கே அறுவைக்கூடத்தின் மின்சாரத்துக்கு 12 மணி நேரத் தொட்டி கிடையாது. மின்தடை வந்தால் யு.பி.எஸ். சில நிமிடம் தாங்க வேண்டும், அதற்குள் ஜெனரேட்டர் எழுந்து நிற்க வேண்டும். ஓடாமல் சும்மா நிற்கும் ஜெனரேட்டர் பழுதாகியிருந்தால் யாருக்கும் தெரியாது, ஓட்டிப் பார்க்கும் வரை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பழுதாகக்கூடிய ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் சுமார் பத்தில் ஒன்று. ஜெனரேட்டர் அதேதான், எண்ணெயும் அதேதான்; சோதிக்கும் இடைவெளி மட்டும் பன்னிரண்டு மடங்கு. இங்கே பழுது மரமும், அதன் அடியில் மறைந்த பழுதுக்கான இந்தச் சின்னச் சூத்திரமும் (சோதனை இடைவெளியில் பாதியைப் பழுது இடைவெளியால் வகுப்பது) போதும். மான்டி கார்லோவைக் கொண்டுவருவது ஆடம்பரம்.

தரவு விஷயத்தில் நடக்கும் குழப்பம் தனி. சராசரிப் பழுது இடைவெளி 10,000 மணி நேரம் என்று பம்பு விற்பவர் அச்சடித்துத் தருகிறார். பழுது விகிதம் மாறாது என்ற அனுமானத்தில், அந்த 10,000 மணி நேரத்தைப் பழுதில்லாமல் எட்டும் பம்புகள் நூற்றுக்கு 37தான். வாங்குபவர்களில் பலர் அதை உத்தரவாத ஆயுள் என்று படிக்கிறார்கள். மாறாத விகிதம் என்ற அனுமானமும் எல்லா இடத்திலும் செல்லாது. சுவீடனின் வலோடி வெய்புல் 1951இல் வெளியிட்ட நிகழ்தகவுப் பரவல் இதற்காகத்தான் இவ்வளவு பயன்படுகிறது: அதன் வடிவ எண் ஒன்றுக்கு மேல் போனால் பாகம் தேய்ந்து பழுதாகிறது, ஒன்றுக்குக் கீழே இருந்தால் புதிதாக இருக்கும்போதே பழுதாகிறது. ஒன்றோ அதற்குக் கீழோ என்றால், குறித்த காலத்தில் பாகத்தை மாற்றுவதால் பயன் இல்லை. ஒன்றுக்குக் கீழே என்றால் புதுப்பாகம் போடுவதே ஆபத்து. யுனைடெட் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் நோலனும் ஹீப்பும் விமானப் பாகங்களை ஆராய்ந்து 1978இல் தந்த அறிக்கையில், வயதாக ஆகப் பழுது கூடும் பாகங்கள் 11 சதவீதம் மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டும் பராமரிப்பு அட்டவணைகளை இன்றும் நம் தொழிற்பேட்டைகளில் பார்க்கும்போது அந்த எண் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பழுதுபார்த்து மறுபடி ஓட்டும் இயந்திரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு பம்பின் பழுது இடைவெளிகள் வரிசையாக 900, 700, 500, 300, 200, 100 மணி நேரம். இன்னொரு பம்புக்கு 100, 200, 300, 500, 700, 900. இரண்டுக்கும் சராசரி 450. வெய்புல் மென்பொருளில் ஏற்றினால் இரண்டும் ஒரே விடையைத் தரும், ஏனென்றால் அது வரிசையைப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் பம்பு சாகப்போகிறது, இரண்டாவது தேறிவருகிறது. மாற்று வேண்டுமா என்ற முடிவு எதிரெதிர். எந்த முறையையும் தொடும் முன் கிடைமட்டத்தில் ஓடிய நேரத்தையும் செங்குத்தில் பழுது எண்ணிக்கையையும் வைத்துக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கோடு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்தால் வெய்புலை மூடிவைத்துவிட்டு, காலத்தோடு மாறும் விகிதம் கொண்ட பாய்ஸான் முறைக்குப் போக வேண்டும். இதற்கு ஒரு கட்டத்தாளும் பென்சிலும் போதும். ஆனாலும் மிக அதிகமாகத் தவறவிடப்படும் படி இதுதான்.

இதுவரை பழுதே வரவில்லை என்றால்? ஒரு பாதுகாப்பு வால்வை 30 முறை சோதித்தோம், ஒருமுறையும் தவறவில்லை. தவறும் வாய்ப்பு சுழியம் என்று எழுதிவிடக் கூடாது. மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மேல்வரம்பு கிடைக்கும். இங்கே பத்தில் ஒன்று. முப்பது சோதனை அவ்வளவுதான் சொல்லும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு இடங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பேய்சியன் வழியில் போகலாம், அந்த இடங்கள் நம்முடையதைப் போன்றவையா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு.

முறை எதுவானாலும், அது வரைந்த எல்லைக்கு வெளியே அதற்குப் பார்வை கிடையாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பம்பு, ஊதுகுழல், சவ்வு ஆகியவற்றின் பழுது விகிதங்களை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டிருந்தாலும் அந்தச் சுவர் அந்தக் கணக்கில் வந்திருக்காது. கசடு எங்கே போகிறது, எவ்வளவு நாள் சேர்கிறது, அதைத் தாங்குவது எது, அதன் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பவை நிகழ்தகவுக்கு முந்தைய கேள்விகள். அவற்றைக் கேட்கவைப்பது பழுது முறை விளைவுப் பட்டியல். அமெரிக்க ராணுவம் 1949லேயே நடைமுறைப்படுத்திய பழைய, சலிப்பூட்டும் அட்டவணை வேலை. ஒவ்வொரு பாகமாக எடுத்து, இது எப்படி எப்படியெல்லாம் கெடும், கெட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று வரிவரியாக எழுத வேண்டும். இதைச் செய்யாமல் மென்பொருளைத் திறப்பவர்கள்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. கணினி அறையில் உட்கார்ந்து செய்யும் பட்டியலிலும் பயன் குறைவு. ஆபரேட்டரும் ஃபிட்டரும் மேஜையில் இருக்க வேண்டும்.

அவர்களிடம் இருக்கும் பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ‘மோட்டார் ட்ரிப், சரிசெய்யப்பட்டது’ என்ற வரிதான் இருக்கும். மேலே சொன்ன எந்த முறைக்கும் இது தீனி ஆகாது. நான்கு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: பழுது கண்ணில் பட்ட நேரம், மறுபடி ஓடத் தொடங்கிய நேரம், இடையில் எவ்வளவு நேரம் உதிரிபாகத்துக்கோ ஆளுக்கோ காத்திருந்தது, அதே ஷிப்டில் வேறு எது பழுதானது. மூன்றாவது கட்டம் தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும். நாலாவது கட்டத்தில்தான் பீட்டா காரணி கிடைக்கும். ஓராண்டு இப்படி எழுதிய பிறகு மூன்றாவது பம்புக்கான கோப்பைத் திறக்கலாம்.